மானியப் பெட்டி

ஆவணி 27, வெள்ளி

அதற்காக ஒரு பெட்டியைக் கேட்டா நாம் தக்காளிக்குத் தண்ணீர் விட வேண்டும், நீயே சொல்லு முருகா. காலையில் அடுப்படியில் உன் படத்தைப் பார்த்து ஆரம்பித்த பேச்சைத்தான் இங்கே வந்து முடிக்கிறேன். உரக்கடைக்காரர் தை மாதம் கொடுத்த டைரி சும்மா கிடந்தது. எட்டாவது வரை படித்த கை, எழுதித்தான் பார்ப்போமே என்று எடுத்தேன். வீட்டில் வாய் திறந்தால் நவநீதன் பெண்டாட்டி சுகன்யா இயர்போனைக் காதில் செருகிக்கொள்கிறாள். நீ செருகிக்கொள்ள மாட்டாய்.

இன்று மோட்டார் ரூம் சுவரில் அந்தப் பெட்டியை மாட்டிவிட்டார்கள். வெள்ளை நிறம், மிக்ஸி வந்த அட்டைப்பெட்டி அளவு. தோட்டத்து நடுவில் ஆள் உயரத்துக்கு மேல் ஓர் இரும்புக் கம்பம் நட்டு, அதன் தலையில் உளுந்து வடை அளவுக்கு ஒரு கறுப்பு வட்டம் வைத்திருக்கிறார்கள். அதுதான் வெயிலை அளக்குமாம். அளந்து பெட்டிக்குச் சொல்லுமாம். பெட்டி கணக்குப் போட்டு, சொட்டுநீர்க் குழாயின் வால்வைத் தானே திறந்து தானே மூடுமாம். நல்ல வெயில் என்றால் தண்ணீர் அதிகம், மேகம் போட்டால் குறைவு. எல்லாம் என் அண்ணன் மகன் நவநீதன் போனில் தெரியும். அவன் உடுமலையில் கடையில் உட்கார்ந்துகொண்டே தோட்டத்தைப் பார்ப்பான்.

தண்ணீரை மிச்சம் பிடிக்கிற பெட்டி என்பதால் பாதிப் பணம் மானியமாக வரும். ஆனால் கையோடு தர மாட்டார்கள். ஐப்பசியில் ஆபீசர் வந்து பார்ப்பார். அதுவரை பெட்டிதான் தண்ணீர் விட வேண்டும், ஒருத்தரும் வால்வைக் கையால் திறக்கக் கூடாது. திறந்தால் பெட்டி அதையும் எழுதி வைத்துக்கொள்ளும், மானியம் கிடையாது.

பட்டா என் பெயரில் இருப்பதால் கையெழுத்து நான், போட்டோவுக்கும் நான். கோயமுத்தூரிலிருந்து வந்த டெக்னீஷியன் ஸ்டீபன், "அம்மா, பெட்டிகிட்ட நின்னு கொஞ்சம் சிரிங்க" என்றார்.

"ஏனுங், இதுக்கென்ன எனக்கும் பெட்டிக்கும் நிச்சயதார்த்தமா?" என்றேன். எல்லாரும் சிரித்துவிட்டார்கள். நான்தான் சிரிக்கவில்லை. போட்டோவில் முறைத்துக்கொண்டு நிற்கிறேன்.

பழனான் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தான். இருபத்தாறு வருஷமாக இந்தத் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறவன். என்னைவிட நாலைந்து வயது மூத்தவன். உன் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள்.

"அப்ப நான் என்னுங்க பண்றது, சின்னவரே?" என்று நவநீதனைக் கேட்டான்.

"ஓடட்டும், பாக்கலாம். பொங்கலுக்கு மேல யோசிக்கலாம்."

தண்ணீருக்கு ஆள் வேண்டாம் என்றால், கிழக்கே செம்மண் மேட்டில் அவனுக்குக் கொடுத்திருக்கும் ஓட்டு வீட்டுக்கும் ஆள் வேண்டாம் என்று அர்த்தம். அவனுக்கும் புரிந்தது. பெண்டாட்டி போன பிறகு அந்த வீட்டையும் இந்த வரப்பையும் தவிர அவனுக்கு வேறு என்ன இருக்கிறது?

சாப்பிடும்போது நவநீதனிடம் சொன்னேன். "அவன் இருந்துட்டுப் போறான் சாமி. பாவம்."

"அத்தை, ஆளுக்கும் கூலி, பெட்டிக்கும் காசுன்னா இந்த மானியம் எதுக்குங்?"

அதற்கு மேல் பேசியிருப்பேன். பால் பொங்கிவிட்டது.

ஆவணி 30, திங்கள்

முட்டி வலி. கஷாயம் போட்டேன். சுகன்யா, "நாத்தம் தாங்கலீங்த்தை" என்றாள். குடிக்கிறது நான், நாற்றம் அவளுக்கு.

புரட்டாசி 2, வியாழன்

தக்காளி நாற்று நட்டு இன்றோடு இருபது நாள். பச்சைப் பட்டு விரித்தாற்போல் இருக்கிறது. பெட்டி சரியாகத்தான் வேலை செய்கிறது, பொய் சொல்லக் கூடாது. காலையில் 'டக்' என்று ஒரு சத்தம், குழாயில் தண்ணீர் ஓடுகிறது. அப்புறம் ஒரு 'டக்', நின்றுவிடுகிறது.

பழனான் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வழக்கம்போல் வந்துவிடுகிறான். செய்வதற்கு ஒன்றும் இல்லை. களை பிடுங்குகிறான், எலி கடித்த குழாயைக் கட்டுகிறான், கம்பத்தைச் சுற்றி வருகிறான். டீ கொண்டுபோனேன். அவன் டம்ளர் மோட்டார் ரூம் ஜன்னலில் கவிழ்ந்தபடியே இருக்கும். எடுத்து நீட்டினான், தூக்கி ஊற்றினேன்.

"அம்மிணி, அதுக்கும் ஒரு டம்ளர் ஊத்துங்க" என்றான், பெட்டியைக் காட்டி. "பாவம், எனக்குப் பதிலா ஒழைக்குது."

"உனக்குக் குசும்பு போகாது."

"போகுமுங்க. பொங்கலுக்கு மேல."

எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். மண்ணை ஒரு பிடி எடுத்து உருட்டிப் பார்த்துவிட்டு, "சரியாத்தான் உடுதுங்க அம்மிணி. நான் பாய்ச்சியிருந்தா இன்னும் கொஞ்சம் சேத்தித்தான் உட்டிருப்பேன்" என்றான். தன் வேலையைப் பிடுங்கின பெட்டியை அப்படிச் சொல்ல எத்தனை பேருக்கு மனம் வரும்? இன்றைக்கு இப்படிப் பேசினான். அதை ஞாபகம் வைத்துக்கொள் முருகா, எனக்கு மறந்தாலும்.

புரட்டாசி 4, முதல் சனி

பெருமாளுக்குத் தளிகை. நீ கோபித்துக்கொள்ளாதே, அவர் உன் மாமன்தான்.

புரட்டாசி 15, ஆயுத பூஜை

இடுப்பு ஒடிந்துவிட்டது. விடிகாலையிலேயே சந்தனக் கட்டையை எடுத்து உட்கார்ந்துவிட்டேன். பொடியைக் குழைத்துப் பூசுவதெல்லாம் எனக்கு ஆகாது. கல்லில் உரசி, கெட்டியாக, விரலால் வழித்தால் வெண்ணெய் மாதிரி வர வேண்டும். காற்றுக்கு உதிரக் கூடாது. நம் வீட்டில் வைத்த பொட்டை யாரும் துடைப்பதில்லை, தானாக உதிர்ந்தால்தான் உண்டு. என் அம்மா காலத்திலிருந்து அப்படித்தான்.

மோட்டார், ஸ்டார்ட்டர், மண்வெட்டி, அரிவாள், மருந்து அடிக்கிற டேங்க், நவநீதன் பைக், சுகன்யாவின் ஸ்கூட்டி, மிக்ஸி, கேஸ் அடுப்பு, தையல் மிஷின். நவநீதன் லேப்டாப்புக்கு வைக்கப் போனேன். "ஐயோ அத்தை, மேல மட்டும், மேல மட்டும்" என்று கத்தினான். ஒரு பொட்டுக்கு இந்தக் கத்தல்.

பெட்டியை மறந்தேபோனேன். சாயங்காலம்தான் ஞாபகம் வந்தது. இந்த வருஷம் வீட்டுக்கு வந்த புது ஆயுதம் அது ஒன்றுதான், அதை விடலாமா? பெட்டிக்கு வைத்தேன். வைத்த பிறகு தோன்றியது, பெட்டி வெறும் உடம்புதானே, தலை கம்பத்தில் அல்லவா இருக்கிறது. அவ்வளவு தூரம் போய், முட்டி வலியோடு தக்காளி கிரேட்டைக் கவிழ்த்துப்போட்டு அதன் மேல் ஏறி, கறுப்பு வட்டத்தின் நெற்றியில் கட்டைவிரலால் அழுத்திச் சந்தனம் அப்பி, நடுவில் குங்குமம் வைத்தேன். பார்க்க லட்சணமாக இருந்தது. குழந்தைக்குப் பொட்டு வைத்த மாதிரி. மழை தா, மகசூல் தா, மானியமும் தா என்று உன்னை வேண்டிக்கொண்டேன்.

சுண்டலில் உப்பு ஒரு கல் கூடிவிட்டது. ஒருத்தரும் சொல்லவில்லை. நானே சொல்லிக்கொள்கிறேன்.

புரட்டாசி 16, வியாழன்

விஜயதசமி. அசதி. எழுதவில்லை.

புரட்டாசி 19, ஞாயிறு

வெயில் கொளுத்துகிறது. புரட்டாசியா சித்திரையா என்று தெரியவில்லை. தக்காளி இலை மதியத்தில் சுருண்டு தொங்குகிறது. சாயங்காலம் நிமிர்ந்துகொள்கிறது. பெட்டியின் 'டக்' சத்தத்தை நான் கேட்டு மூன்று நாள் இருக்கும்.

நவநீதன் போனைப் பார்த்தான். "மேகமூட்டம், தண்ணி தேவை கம்மின்னு வருதுங்த்தை. எல்லாம் கரெக்டாத்தான் இருக்குது."

"மேகமா? வெளில வந்து மண்டையக் காட்டிப் பாரு சாமி."

"நம்ம கண்ணுக்குத் தெரியறது வேற, மிஷினுக்குத் தெரியறது வேறங்."

பழனான் மண்ணை உருட்டிக் காட்டினான். உருளவில்லை, உதிர்ந்தது.

புரட்டாசி 22, புதன்

பூ உதிர்கிறது முருகா. செடிக்கடியில் மஞ்சள் மஞ்சளாகக் கிடக்கிறது. அத்தனையும் காயாக வேண்டியது.

பழனான் காலையிலேயே வந்து நின்றான். "சின்னவரே, ஒரே ஒரு நாள். கையில வால்வைத் திருப்பி ஒரு மணி நேரம் உட்டுக்கறனுங்க. செடி பொழச்சுக்கும்."

"உட்டா அது பதிவாயிரும் பழனா. ஆபீசர் வந்து பாத்தா மானியம் போச்சு. ரெண்டு நாள் பொறு, டெக்னீஷியனுக்குச் சொல்லியிருக்கறேன்."

"செடிக்குத் தெரியாதுங்களே, ரெண்டு நாள் பொறுக்கோணும்னு."

"அதுகிட்ட யாரும் போகவேண்டாம், எதையும் தொடவேண்டாம். சொல்லிப்போட்டேன்." நவநீதன் குரல் உயர்ந்துவிட்டது. பைக்கை உதைத்துக்கொண்டு கடைக்குப் போனான்.

அப்புறம் பழனான் என்னிடம் வந்தான். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, வாசலுக்கு வெளியே நின்றபடி, "அம்மிணி, கம்பத்துப் பக்கம் ஒருக்கா வந்துட்டுப் போங்க" என்றான்.

"எதுக்கு?"

"நீங்களே வந்து பாத்தீங்கன்னா நல்லதுங்க."

மகளுக்குப் பிரசவம் என்று போன வாரமே கைச்செலவுக்குக் கேட்டிருந்தான். தனியாகக் கூப்பிட்டுக் கேட்கப் பார்க்கிறான் என்று எனக்குத் தெரியாதா? முட்டி வலி, இன்றைக்கு முடியாது என்று சொல்லிவிட்டேன்.

புரட்டாசி 23, வியாழன்

பழனான் மறுபடி வந்தான். "ஒரு எட்டு வந்துட்டுப் போயிருங்க அம்மிணி." நாளைக்கு என்றேன்.

புரட்டாசி 24, வெள்ளி

கோழிக் கிறுக்கலாக இருந்தாலும் படித்துக்கொள்.

ஸ்டீபன் வந்தார். பெட்டியைத் திறந்து பார்த்தார், ஒன்றுமில்லை. ஏணியைச் சாய்த்துக் கம்பத்தின் மேல் பார்த்தார். இறங்கி வந்தபோது முகமே மாறியிருந்தது.

"சார், இதைப் பாருங்க." கையிலிருந்த ஈரத்துணியை விரித்துக் காட்டினார். துணி முழுக்கச் செம்பழுப்பாகச் சேறு. "வெயிலப் பாக்கற கண்ணாடிக் கண்ணு மேல யாரோ அப்பி வெச்சிருக்காங்க. கண்ணு இருட்டாப் போனா மிஷின் மேகம்னுதான நெனைக்கும்? அதான் தண்ணி உடல."

"காத்துல புழுதி வந்து ஒட்டியிருக்குமோ?" என்று நவநீதன் கேட்டான்.

"புழுதி இப்படிக் கட்டியா ஒட்டாது சார். கையால அழுத்தி அப்புனது. வெரல் தடம் இருந்துச்சு. செம்மண்ணு."

நம் தோட்டம் முழுக்கக் கரிசல். செம்மண் இருக்கிற இடம் கிழக்கு மேடு ஒன்றுதான். அங்கே இருப்பது ஒரே ஒரு வீடு.

யாரும் பேர் சொல்லவில்லை. நான்தான் சொன்னேன். ஏன் மறைக்க வேண்டும்? என் வாயிலிருந்துதான் முதலில் வந்தது. "பழனான்."

"எனக்கு அப்பவே சந்தேகம்ங்த்தை" என்றாள் சுகன்யா. "எந்நேரமும் கம்பத்தையே சுத்திச் சுத்தி வந்துட்டிருந்தான்."

இருபத்தாறு வருஷம் முருகா. தீபாவளி தவறாமல் வேட்டி, பொங்கல் தவறாமல் அரிசி. ஒரு பெட்டி வந்து வேலை போய்விடுமே என்று பயந்து, குழந்தை மாதிரி வளர்த்த செடியின் வாயை மூட ஒரு மனுஷனுக்கு மனம் வருமா? நேற்று வரைக்கும் நல்லவன். எனக்கு இன்னும் நம்ப முடியவில்லை. ஆனால் நம்பிவிட்டேன்.

கண்ணைத் துடைத்ததும் பெட்டி உயிர் வந்த மாதிரி 'டக்' என்றது. தண்ணீர் ஓடியது. செடிகளைப் பார்த்து அழுதேன்.

புரட்டாசி 25, சனி

நவநீதன் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகிறேன் என்று குதித்தான். நான்தான் தடுத்தேன். போலீஸ் கேஸ் என்று வந்தால் ஆபீசுக்குத் தெரியும், மானியத்துக்குச் சிக்கல் என்று சுகன்யாவும் சொன்னாள். எனக்கு அதெல்லாம் முக்கியமில்லை. மனுஷன் வாயில் பொய் வரும், உன் முன்னால் வராது.

"செவ்வாக்கிழமை முருகன் கோயில்ல கற்பூரத்தை அணைச்சுச் சத்தியம் பண்ணட்டும்" என்றேன். "பண்ணிப்போட்டான்னா இருந்துக்கட்டும். இல்லீன்னா அவனே போயிருவான்."

அவனுக்கு நான் செய்த உதவி என்றே நினைக்கிறேன்.

பழனானைக் கூப்பிட்டு நவநீதன் எல்லாவற்றையும் சொன்னான். செம்மண், விரல் தடம், எல்லாம். பழனான் கேட்டுக்கொண்டே இருந்தான். கடைசியில் என்னைப் பார்த்து, "அம்மிணியும் அப்பிடித்தான் நெனைக்கறீங்களா?" என்றான்.

"நான் என்ன நெனைக்கறது. சாமிகிட்ட வந்து சொல்லு."

இரண்டாவது புரட்டாசிச் சனியா, நாலாவதா என்றுகூடக் கணக்கு வரவில்லை. தளிகை போட மறந்துவிட்டேன். இந்த நாற்பது வருஷத்தில் மறந்ததே இல்லை.

புரட்டாசி 28, செவ்வாய்

சத்தியம் பண்ணிவிட்டான்.

பூசாரி தட்டில் கற்பூரத்தை ஏற்றினார். பழனான் எப்போதும்போல் வெளியே கொடிமரத்துக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டான். தட்டை அங்கேயே கொண்டுபோனோம். சட்டையில்லை, வெளுத்த வேட்டி, நெற்றி நிறையத் திருநீறு. உன் கோபுரத்தைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுச் சொன்னான்.

"நான் அதைத் தொடலீங்க. தொடக் கூடாதுன்னாங்க. தொடலீங்க."

உள்ளங்கையை வைத்து அணைத்தான். கை நடுங்கவில்லை, நாக்குப் புரளவில்லை. எனக்குத்தான் உடம்பெல்லாம் சிலிர்த்துப்போனது.

அதோடு விட்டிருக்கலாம். நவநீதன் விடவில்லை. "சரி, நீ தொடல. தொட்டது யாருன்னு உனக்குத் தெரியுமா? அதையும் சொல்லிப்போடு."

பழனான் அணைந்த கற்பூரத்தையே பார்த்தான்.

"தெரியுமா, தெரியாதா?"

"அதைக் கேக்காதீங்க சின்னவரே."

"பாத்தீங்களா அத்தை! இவனுக்குத் தெரியும். ஆளை வெச்சுப் பண்ணியிருக்கறான். தன் கையால தொடலீன்னு சத்தியத்துல தப்பிச்சுக்கிட்டான்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. உன் சன்னதியில், உன் கற்பூரத்தில், உன் பெயரை வைத்துக்கொண்டே ஒருத்தன் இப்படி வளைந்து நெளிந்து சத்தியம் பண்ணுவானா? நானும் சொல்லிவிட்டேன். "எங்க மண்ணுலதான பழனா இத்தனை வருசம் உன் வீட்டு அடுப்பு எரிஞ்சுது. அந்த மண்ணையே எடுத்து எங்க கண்ணுல அப்பிப்போட்டியே."

அவன் என்னைப் பார்த்தான். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். விழப்போகிற ஆளைப் பார்ப்பதுபோல் பார்த்தான்.

ஐப்பசி 1, சனி

போய்விட்டான். தாராபுரத்தில் மகள் வீட்டுக்கு என்று பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் சொன்னார்கள். மோட்டார் ரூம் சாவியை வாசற்படியில் வைத்துவிட்டு, கூப்பிடாமலே போயிருக்கிறான். டம்ளரைத் தேய்த்து வெயிலில் கவிழ்த்து வைத்திருக்கிறான். மண்வெட்டியைக் கழுவிச் சுவரில் சாய்த்து வைத்திருக்கிறானாம். சுகன்யா பார்த்துவிட்டு வந்து சொன்னாள். நான் போகவில்லை.

செடி துளிர்க்கிறது. பாதிக்குப் பாதி மகசூல் வரும் என்கிறான் நவநீதன்.

ஐப்பசி 3, தீபாவளி

அவனுக்கு எடுத்த வேட்டி பீரோவில் இருக்கிறது.

ஐப்பசி 5, புதன்

உன் சஷ்டி விரதம் ஆரம்பம். ஆறு நாளும் பாலும் பழமும்தான். மனசு சுத்தமாக இருக்க வேண்டும் என்று பார்க்கிறேன். நிற்கவில்லை, எங்கேயோ ஓடுகிறது.

ஐப்பசி 8, சனி

ஆபீசரம்மா வந்தார். சின்ன வயதுதான், வெயிலுக்கு முகமெல்லாம் துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு ஸ்கூட்டியில் வந்து இறங்கினார். மோர் கொடுத்தேன். நவநீதன் போனையும் பெட்டியையும் பார்த்து என்னென்னவோ குறித்துக்கொண்டார்.

"நடுவுல பத்து நாள் சென்சார்ல ஏதோ பிரச்சினை போல. அப்பக்கூட ஒரு தடவையும் கையால வால்வைத் தொறக்கலையே! மத்த தோட்டத்துலெல்லாம் ஆளுங்க பொறுக்க முடியாமத் தொறந்துருவாங்க. உங்க ஆளு யாரும்மா? நல்லாப் பழக்கி வெச்சிருக்கீங்க."

சுகன்யா மோர்ச் சொம்பை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

கிளம்பும்போது சொன்னார். "மானியம் வந்துரும்மா. மேல இருக்கற கண்ணை மட்டும் வாரம் ஒருக்கா ஈரத்துணில தொடைக்கணும். அதை யாரு செய்வாங்க?"

நான் செய்வேன் என்றேன். வேறு யார் இருக்கிறார்கள்?

ஐப்பசி 10, திங்கள். சூரசம்ஹாரம்

முருகா. முருகா. முருகா.

இரு, வரிசையாகச் சொல்கிறேன்.

கண்ணைத் துடைக்க ஈரத்துணியோடு போனேன். ஏணி மோட்டார் ரூமில் இருந்தது. பழனான் போன பிறகு இன்றுதான் அந்தக் கதவைத் திறந்தேன். ஏணிக்குப் பக்கத்தில் அவன் மண்வெட்டி. கழுவித்தான் வைத்திருந்தான். ஆனால் பிடி சேருகிற இடத்தில் ஒரு துண்டு சேறு கழுவாமல் இருந்தது. இவ்வளவு சுத்தமாகக் கழுவினவன் இதை ஏன் விட்டான் என்று நகத்தால் சுரண்டினேன். பொருக்காகப் பெயர்ந்து வந்தது. உள்ளே மஞ்சள். மூக்கருகே கொண்டுபோனேன். சந்தனம்.

ஆயுத பூஜைக்கு நான் வைத்த பொட்டு. பனியில் நனைந்து, குங்குமம் கரைந்து சந்தனத்தில் ஊறி, புழுதி படிந்து, காய்ந்து, அசல் செம்மண் சேறாக இருந்தது. நிமிர்ந்து பார்த்தால் மோட்டாரில் அதே சேறு. ஸ்டார்ட்டரில் அதே சேறு. பெட்டியின் நெற்றியில் அதே சேறு. சுவர் முழுக்க என் கட்டைவிரல் தடம்.

ஏணியை எப்படித் தூக்கினேன் என்று தெரியாது. கம்பத்தில் ஏறினேன், முட்டி வலியே தெரியவில்லை. கறுப்பு வட்டத்தின் நடுவில் கண். நான் நெற்றி என்று நினைத்த இடம்தான் கண். ஸ்டீபன் நன்றாகத்தான் துடைத்திருக்கிறார், ஆனால் கண்ணைச் சுற்றின பள்ளத்தில் ஊசி முனை அளவு மிச்சம் இருந்தது. சேப்டிபின்னால் குத்தி எடுத்து உள்ளங்கையில் வைத்தேன். எச்சில் தொட்டுத் தேய்த்தேன். சிவப்பு. குங்குமம்.

இந்தக் கை. இந்தக் கட்டைவிரல். அதே கையால் கற்பூரத் தட்டுக்கும் வழி காட்டினேன்.

ஆறு நாள் விரதம் இருந்தவள் நான். உண்மை தெரிய வேண்டும் என்று வேண்டிக்கொண்டுதான் இருந்தேன்.

நவநீதனுக்குப் போன் பண்ணினேன். மூச்சு வாங்கச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டான். அப்புறம், "அத்தை, ஊட்டுல வேற யாருக்காச்சும் சொல்லீட்டீங்களா?" என்றான்.

"இல்ல."

"அப்ப உடுங்க. அவன்தான் போயிட்டானே. மானியம் வர்ற நேரத்துல நம்ம தப்புன்னு எதுக்கு வெளிய தெரியோணும்? மகள் ஊட்டுல நல்லாத்தான் இருப்பான்."

"பட்டா யாரு பேர்ல இருக்குது?" என்று கேட்டேன்.

"என்னுங்த்தை திடீர்னு?"

"யாரு பேர்ல?"

"உங்க பேர்லதானுங்."

"அப்ப நாளைக்கு உன் திருக்கல்யாணப் பந்தியெல்லாம் நீயும் சுகன்யாளும் பாத்துக்குங்க. நான் தாராபுரம் போறேன்." சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். முருகன் திருக்கல்யாணம் என்று சொல்லியிருக்க வேண்டும். நான் யாரிடம் பேசுகிறேன் என்றே எனக்குத் தெரியவில்லை, உன்னிடமா அவனிடமா.

வேட்டியை எடுத்துப் பையில் வைத்துவிட்டேன். டம்ளரை எடுத்துக்கொண்டு வந்து வீட்டு டம்ளர்களோடு வைத்தேன். அப்புறம் ஏதோ மாதிரி இருந்தது. எடுத்தேன். திரும்ப வைத்தேன். இருக்கட்டும்.

அங்கே போய் என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன். தெரியாமல் வைத்துவிட்டேன் பழனா, நீ வைத்ததாக நினைத்துவிட்டோம், உனக்கும் தெரிந்திருக்க நியாயமில்லை, யார் வைத்தது என்று நீயும் எங்களைப் போலத்தான் குழம்பியிருப்பாய் என்று. 'அதைக் கேக்காதீங்க' என்று அவர் சொன்னது ஏன் என்று மட்டும் புரியவில்லை. கம்பத்துப் பக்கம் வாருங்கள், நீங்களே வந்து பாருங்கள் என்று இரண்டு நாள் வாசலில் வந்து நின்றது ஏன் என்றும் புரியவில்லை. ஆயுத பூஜை அன்றைக்கு அங்கே என்ன நடந்தது என்று ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். சாயங்காலம். கிரேட்டைக் கவிழ்த்துப்போட்டேன். ஏறினேன். கரிசல் மண், வெடிப்பு, கிரேட் நிற்கவில்லை, ஆடியது.

ஆனால் நான் விழவில்லையே.

கீழே குந்தி உட்கார்ந்து, கிரேட்டை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார் பழனான். "அம்மிணி, கண்ணு மறையுதுங்க, கீழ கம்பியில வெச்சாப் போதாதுங்களா?" என்று கேட்டார். "சாமிக்கு வெச்ச பொட்டு, நீ தொட்டுத் தொலைக்காதே, தானா உதிரட்டும்" என்றேன் நான்.